சரோஜாவின் வலப்பக்கம்

அடுப்பில் கொள்ளு வேகிற வாசனை வந்தால் வீட்டில் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு வாளியைத் தேடத் தோன்றும். மண்ணும் புகையும் லேசான இனிப்புமாக அது மூக்கில் ஏறியதும், சேலத்து வெக்கையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் ஏற்காட்டு மலையில் ஒரு தகரக் கொட்டகை வாசலில் நிற்பேன். சட்டைக்குள் பனி இறங்கும். உள்ளே நாலு கால்கள் மாற்றி மாற்றி ஊன்றுகிற சத்தம் கேட்கும். பொறுமையில்லாத சத்தம். வாளி வருகிறது என்று தெரிந்துவிட்ட சத்தம்.

போன மாதம் ரசத்துக்குக் கொள்ளு வெந்துகொண்டிருந்த ஒரு காலையில் செல்வராஜ் வந்தார். நான் விட்டுவிட்டு வந்த எஸ்டேட் மருந்தகத்தில் இப்போது அவர்தான் கம்பவுண்டர். வாசலில் மோட்டார் சைக்கிள். உட்கார்ந்ததும் கேட்டார்: “ஏனுங் சார், மேல் டிவிசனுக்கு நீங்க குதிரையில போவீங்களாமா? லைன் வீட்டுப் பெரியவங்க இன்னமும் பேசிக்கறாங்க. குதிரை உங்க பேச்சைக் கேக்குமாமே, நெசமுங்களா?”

“கேட்டுச்சுங்க. அதுக்கு முன்னால அது சொன்னதை நான் கேக்கலை. அதுதான் கதை” என்றேன்.

அவருக்குப் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. முதுகெலும்பு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக் கொடுத்துவிட்டது. முழங்கால் இரண்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகின்றன. ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாத மனிதன் நான். எழுந்து நடந்து, திரும்பி வந்து, ஒரு வரி, மறுபடியும் நடை. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் நடக்கும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருடம் மிக்சர் கலக்கினேன், புண் கழுவினேன், ஊசிகளைக் கொதிக்க வைத்தேன், பரீட்சை எழுதினேன். எழுபதுகளின் நடுவில் எஸ்டேட்டிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அதில் தங்க இடம் உண்டு, விறகு உண்டு என்றெல்லாம் இருந்தது. குதிரை உண்டு என்று இல்லை.

மேல் டிவிஷன் மலையின் தோளில் இருந்தது. ஜீப் பாதை காப்பி உலர்த்தும் களத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு தடம், ஒற்றையடிப் பாதையைவிடக் கொஞ்சம் அகலம். மருந்துப் பெட்டி முழுக்கக் கண்ணாடிச் சீசாக்கள். ஆள் தலையில் ஏற்றினால் மேலே போய்ச் சேரும்போது பாதி மிக்சர் அந்த ஆளின் முதுகில் வழிந்துகொண்டிருக்கும். எனவே குதிரை.

மேனேஜர் இதை என்னிடம் சொன்ன விதத்தைச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். சட்டைப் பையில் சின்ன நோட்டும் கட்டைப் பென்சிலும் எப்போதும் இருக்கும். கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். பதிலை அவருடைய முதுகுக்குத்தான் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஆட்கள் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

“வாரத்துல நாலு நாள் மேலே போகணும். குதிரை ஏறத் தெரியுமா?” திரும்பிக்கொண்டார்.

“தெரியாது சார்” என்றேன் முதுகிடம்.

“நல்லது. தப்பாத் தெரிஞ்சவனைத் திருத்தறது கஷ்டம்.”

சரோஜா சேலத்தில் ஜட்கா இழுத்த குதிரை. ரயிலடியில் ஆட்டோக்கள் வரிசை கட்டத் தொடங்கியதும் ஜட்காக்காரர் அவளை எஸ்டேட்டுக்கு விற்றுவிட்டார். கொண்டைஊசி வளைவுகளெல்லாம் கூடவே நடந்து வந்து ஒப்படைத்தார். கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். “எதுன்னாலும் இடப்பக்கமா வாங்க. ஏர்றதும் எறங்கறதும் புடிச்சு நடக்கறதும் இடப்பக்கம். அவளுக்கு அப்படித்தான் பழக்கம்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். மேனேஜரும் அதையேதான் சொன்னார். குதிரை வைத்திருக்கிற உலகம் முழுவதும் அதையேதான் சொல்கிறது. இடப்பக்கம்.

செம்பழுப்பு நிறம். நெற்றியில் சிந்திய பால் போல ஒரு வெள்ளை. பெயரால் முதல் வாரமே வம்பு. மேல் டிவிஷனில் காப்பிப் பழம் பறிக்கிற ஒரு அம்மாளுக்கும் சரோஜா என்றுதான் பெயர். நான் தடத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு “சரோஜா! நில்லு! நில்லுன்னா நில்லு!” என்று கத்துவேன். குதிரை போய்க்கொண்டே இருக்கும். காப்பிச் செடிகளுக்குள் அந்த அம்மாள் கூடையோடு நின்றுவிடுவார். “நின்னுட்டேனுங்க கம்பவுண்டரே, இப்ப என்ன பண்ணோணும்?” என்று குரல் வரும். மலைச்சரிவே சிரிக்கும்.

சிரித்தவர்களில் முதல் ஆள் பழனியம்மா. பங்களா மாடுகளுக்கும் சரோஜாவுக்கும் புல் அறுக்கிறவர். என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் வாழவந்தி. புருஷனுக்கு எஸ்டேட்டில் செடிகளைக் கவாத்து வெட்டுகிற வேலை. தலையில் புல்கட்டு இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. நான் ஏறும்போதெல்லாம் வேலை செய்வதுபோல் பக்கத்தில் நின்றுகொள்வார்.

“ஏனுங்க கம்பவுண்டரே, குதிரை மேல ஏர்றீங்களா, குதிரைக்கு மூட்டை கட்டறீங்களா?”

விழுந்தேன். பல தடவை. ஒரு தடவை கோழிக்கூண்டின் மேல். ஆனால் வருடம் திரும்பியபோது எனக்கும் சரோஜாவுக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் கொள்ளு, பிறகு தேய்ப்பு. கழுத்தில் தொடங்கி, விலா, தொடை, கால். ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிச் சிக்கியிருக்கிற கல்லை நோண்டி எடுப்பது. சேணம் போட்டு, வாரை இறுக்கி, அவள் மூச்சை விட்டதும் இன்னொரு துளை இறுக்குவது. திங்கட்கிழமைகளில் மேனேஜர் வந்து நாலு கால்களையும் தன் கையால் மேலிருந்து கீழே தடவுவார். சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். நோட்டில் ஏதோ எழுதுவார். போய்விடுவார். எல்லாமே இடப்பக்கத்திலிருந்து. வலப்பக்கக் குளம்பைக்கூட நான் வயிற்றுக்கு அடியில் குனிந்து கைவிட்டுத் தூக்குவேன். பழனியம்மா அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். அது அச்சுக்கு ஏறாது.

அந்த ஒழுங்கை நான் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். போகச் சொன்னால் போனாள், நிற்கச் சொன்னால் நின்றாள். வேறென்ன வேண்டும்?

இரண்டாம் வருடம் ஆடியில் அவள் முரண்டு பிடிக்க ஆரம்பித்தாள். ஒரே ஒரு இடத்தில். தடத்தின் பாதி வழியில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அந்த வளைவில் இருபது தப்படி தூரத்துக்கு ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். செடி கிடையாது, புதர் கிடையாது, காற்று மட்டும். காலையில் மேலே ஏறும்போது சரோஜா அதைத் தாண்டிப் போய்விடுவாள். பொழுதோடு திரும்பும்போதுதான் நின்றுவிடுவாள். நாலு கால்களையும் பரப்பி ஊன்றிக்கொண்டு, காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மூக்கால் ஊதுவாள். இறங்கி இடப்பக்கம் நின்று, கெஞ்சி, இழுத்து, கால் மணி நேரம் போகும்.

தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. “பொழுதோட அங்க முனி நடமாட்டமுங்க. காத்தால இருக்காது. அதான் காத்தால போறா, பொழுதோட நிக்கறா. அவ கண்ணுக்குத் தெரியுது, நமக்குத் தெரியலை.” பாறையடியில் கல் நட்டு, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழனியம்மா சரோஜாவின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். நான் சிரித்தேன். நான் பரீட்சை எழுதிய ஆள் அல்லவா? இது பிடிவாதம், பிடிவாதத்துக்கு மருந்து வேறு என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொன்னேன்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முனிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர்கள் ஒருவர்கூடக் குதிரையை அடிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மேல் டிவிஷனில் குழந்தைகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஆள் ஓடிவந்தான். தந்தி. சேலத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏற்காட்டிலிருந்து ஐந்து மணிக்கு பஸ். சீசாக்களை அப்படியே பெட்டியில் திணித்தேன். தூறல். தடம் சேறு. பாறை வளைவில் எப்போதும் இறங்கி நடத்திக்கொண்டு போகிறவன், அன்று இறங்கவில்லை. அவள் நின்றாள். குதிகாலால் உதைத்தேன். நகரவில்லை. கையில் காப்பிச் செடிக் குச்சி இருந்தது. வலக்கையால் அடித்தேன். கழுத்தில், தோளில், மறுபடி கழுத்தில். அவள் தலையைச் சுழற்றித் தூக்கினாள். ஒரு அடி புருவத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொன்று அடித்தேன்.

அவள் என்னைத் தள்ளவில்லை. பள்ளத்தை விட்டு விலகிப் பாறைச் சுவரோடு ஒட்டினாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் என் முழங்கால் மாட்டித் தோல் உரிந்தது. நடுங்கினாள். சேணத்தின் வழியாக அந்த நடுக்கம் எனக்குள் ஏறியது. இறங்கி, அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். ஏற்காட்டுக் கடை வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் போயிருந்தது.

மகளை மறுநாள் மதியம்தான் பார்த்தேன். தொழில் பழக்கம், முதலில் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. இரும்புச் சத்துக்கு டானிக் சொன்னேன். நாள் ஒன்றுக்கு நாற்பது ஐம்பது பேரின் இமையை இழுத்துப் பார்க்கிற கை இது.

நாலு நாள் கழித்துத் திரும்பினேன். கொட்டகை வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் சரோஜா பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். வாளியை வைத்தேன். அவள் வரவில்லை. பழனியம்மா புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கேலி இல்லை.

“நீங்க உட்டுட்டுப் போன குதிரை ஒண்டியா வந்துச்சுங்க. புருவமெல்லாம் ரெத்தம். மனுசனுக்கு மருந்து போடற கைதானுங்களே அது?”

வயலட் மருந்தும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். காயம் வலப் புருவத்தில். அதனால் வலப்பக்கமாகப் போனேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வலப்பக்கமாக. வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தது. நீலமும் வெள்ளையுமாக, வெந்த முட்டையின் உள்தோல் போல. கையை அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். இமைக்கவில்லை.

நான் குருடாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். பஞ்சு கையிலேயே காய்ந்தது.

மேனேஜர் வந்தார். பார்த்தார். கேட்டார். அன்றைக்கு அவர் திரும்பி நிற்கவில்லை.

“அடிச்சீங்களா?”

“அடிச்சேன் சார்.”

“கண்ணுலயா?”

“தெரியலை சார்.”

முகத்துக்கு நேராகச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாட்டு டாக்டரை வரவழைத்தார். டார்ச் அடித்து, இமையைப் பிரித்து, வெகுநேரம் பார்த்தார் டாக்டர். “இது அடி பட்டு வந்ததில்லீங்க. பழசு. உள்ளுக்குள்ள வீங்கி, ஆறி, வீங்கி, ஆறி, கொஞ்சங்கொஞ்சமாப் போயிருக்குது. ஆறேழு மாசமாவது ஆயிருக்கோணும்.” டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “தினமும் பாக்கறது நீங்கதானுங்களே? இத்தன நாளா இந்தப் பக்கம் வரவே இல்லீங்களா?”

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. பாறை வளைவு மனதில் தானாக விரிந்தது. காலையில் ஏறும்போது பள்ளம் அவளுக்கு இடப்பக்கம், பார்க்கிற கண்ணின் பக்கம். பொழுதோடு இறங்கும்போது பள்ளம் வலப்பக்கம். மற்ற இடங்களில் காப்பிச் செடி அவள் விலாவை உரசிக்கொண்டே வரும். உரசல் இருக்கிற வரை உலகம் இருக்கிறது. பாறை வளைவில் அந்த உரசல் நின்றுவிடும். அந்தப் பக்கம் வெறும் இருட்டும் காற்றும். நானோ, இடப்பக்கம்தான் சரியான பக்கம் என்று, தினமும் பாறைச் சுவரை ஒட்டி நடந்திருக்கிறேன். பத்திரமான பக்கம் எனக்கு, பள்ளத்துப் பக்கம் அவளுக்கு. கடைசியில் அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் என் குச்சி வந்திருக்கிறது.

மேனேஜர் பென்சிலை நோட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தார். “ஒத்தைக் கண்ணோட அந்தப் பாதையில விட முடியாது. அது விழுந்தா நீங்களும் விழுவீங்க. பழம் பறிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வேற குதிரை பார்க்கணும். இதைக் கீழே சந்தைக்கு அனுப்பிடலாம்.”

ஒற்றைக் கண் குதிரையைச் சந்தையில் எதற்கு வாங்குவார்கள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பழனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“பறிப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் என்கிட்ட விடுங்க சார். மேலேர்ந்து கீழ வரைக்கும் பெட்டியோட கூட்டிட்டு வந்து காட்டறேன்.”

அப்போதுதான் திரும்பிக்கொண்டார். முதுகு சொன்னது: “நான் பின்னால வருவேன். ஒரு தடவைதான் பார்ப்பேன்.”

எட்டு வாரம் இருந்தது. முதல் வாரம் அவளைத் தொடவில்லை. கொட்டகை வாசலுக்கு வலப்பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு என் குரல் வேண்டும், ஆனால் என்ன பேசுவது? மன்னிப்புக் கேட்கலாம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மருந்து இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து உரக்க வாசித்தேன். ஏ.பி.சி. மாத்திரை. சல்ஃபா மாத்திரை. வயிற்றுவலி மிக்சர். டிங்சர் அயோடின். கட்டுத் துணி, அகலம் இரண்டு அங்குலம். காலையில் அரை மணி, பொழுதோடு அரை மணி.

“ஏனுங்க, பரீச்சைக்குப் படிக்கறது நீங்களா, அவளா?” பழனியம்மாவுக்குக் கேலி திரும்பி வந்திருந்தது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

“அவதான் பரீச்சை வைக்கறா.”

“அப்ப சித்தெ சத்தமாப் படிங்க. பின்னால பெஞ்சுக்குக் கேக்கலை.”

பத்தாம் நாள் டிங்சர் அயோடினில் ஒரு காது என் பக்கம் திரும்பியது. ஒரு காதுதான். மலையில் வெயில் விழுவதும் அப்படித்தான், முதலில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மட்டும். நான் அசையவில்லை. கட்டுத் துணியின் அகலத்தை மூன்று தடவை வாசித்தேன்.

பிறகு உள்ளங்கையில் கொள்ளு. பிறகு தோளில் கை. அதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டேன். முதலில் குரல், அப்புறம்தான் கை. குரல் வராமல் கை வரக்கூடாது. கை வைத்தால் எடுக்காமல், உடம்போடு வழுக்கியபடியே இடம் மாற வேண்டும். வலப்பக்கம் நிற்கும்போது ஒரே ஒரு சொல்: “இருக்கேன்.” நடக்கும்போது அதையே மூச்சுக்கு ஒரு தடவை. “இருக்கேன், சரோஜா. இருக்கேன்.” சேணமும் வலப்பக்கத்திலிருந்து, ஏற்றமும் வலப்பக்கத்திலிருந்து. முப்பது வயதுகூட ஆகாதவன், மறுபடியும் மூட்டை மாதிரி ஏறினேன். பழனியம்மாவுக்குக் கொண்டாட்டம்.

களத்தில் இரண்டு கயிறு கட்டி, நடுவில் நடந்தோம். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தோம். மெதுவாக அவளுக்கு ஒன்று புரிந்தது. என் குரல் இருக்கிற இடம் வரைக்கும் மண் இருக்கிறது. அதற்கு அப்பால் போகத் தேவையில்லை. ஆறாம் வாரம், நான் நின்று பேசிக்கொண்டிருக்கையில், அவள் தாடையை என் தோளில் இறக்கி வைத்தாள். அந்தக் கனம்! தேய்த்துக் கழுவிய நாட்களிலெல்லாம் அவள் தன் தலையைத் தானேதான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். இப்போதுதான் கொடுத்தாள்.

ஆனால் பாறை வளைவுக்கு மட்டும் நான் அவளைக் கூட்டிப் போகவில்லை. அவளுக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் எனக்கு. அங்கே வலப்பக்கம் நடப்பது என்றால் பள்ளத்துக்கும் குதிரைக்கும் நடுவில் நடப்பது. அவளுடைய குளம்புக்கு அப்பால் ஒன்றரை அடி மண் மிஞ்சும். மிரண்டு அவள் தோளை ஒரு அசைப்பு அசைத்தால் நான் இல்லை. அவள் மிரளக் காரணம் வைத்தவனும் நான்தான்.

கார்த்திகையில் பழம் சிவந்தது. மேனேஜர் ஒரு பிற்பகல் மேல் டிவிஷனுக்கு நடந்தே வந்தார். “போகலாமா?” என்றார். பெட்டியை ஏற்றினேன். கடிவாளத்தை வலப்பக்கம் பிடித்துக்கொண்டேன். அவர் பத்து அடி பின்னால். அவருக்கும் பின்னால், கேட்காமலே, பழனியம்மா.

செடிகள் உரசிக்கொண்டிருந்தவரை நடை சீராக இருந்தது. பாறை வந்தது. உரசல் நின்றது. பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. சரோஜா நின்றாள். நாலு கால்களும் பரவின. மூக்கு ஊதியது.

கடிவாளத்தை இழுக்கத் துடித்த கையை நான் தளர்த்தினேன். முழுக்கத் தளர்த்தினேன். பிறகு அவளுடைய தோளைத் தாண்டி, அந்த ஒன்றரை அடிக்குள் போய் நின்றேன். என் குதிகாலிலிருந்து சரளைக் கல் ஒன்று உருண்டது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தமே கேட்கவில்லை. கல் உருண்டது அவளுக்கும் கேட்டிருக்கும். காது திரும்பியது.

“இருக்கேன்” என்றேன். குரல் நடுங்கியது. அவளிடம் மறைக்க முடியாது. நடுக்கத்தோடேயே சொன்னேன். “இருக்கேன், சரோஜா. இங்கதான் இருக்கேன்.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சுகளை எண்ணவில்லை. அவள் கழுத்து மெல்ல வலப்பக்கம் வளைந்து, மூக்கு என் மார்பைத் தொட்டது. முகர்ந்தாள். நான் எங்கே நிற்கிறேன் என்று அளந்துகொண்டாள். பிறகு ஒரு அடி வைத்தாள். என் பக்கம் சாயாமல், சுவரையும் உரசாமல், என் தோளுக்கும் தன் தோளுக்கும் நடுவில் ஒரு கை இடம் விட்டு நடந்தாள். இருபது தப்படியும் அந்த ஒரு கை இடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. என்னைப் பள்ளத்தில் தள்ளிவிடக் கூடாது என்று அவள் நடந்தாள். அதை நான் எந்தப் பரீட்சையிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

வளைவு தாண்டியதும் செடிகள் உரசின. நான் உட்கார்ந்துவிட்டேன், சேற்றிலேயே.

மேனேஜர் வந்து பாறை வளைவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். “உங்க பக்கம் எத்தனை அடி இருந்தது, கம்பவுண்டர்?”

“ஒன்றரை அடி சார்.”

நோட்டை எடுத்து எழுதினார். “நாளைக்கு நாலு ஆள் அனுப்பறேன். பாறையை உடைச்சு மூணடி சேர்க்கட்டும். விளிம்புல கல் வைக்கட்டும்.” பென்சிலைப் பையில் சொருகினார். சந்தையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பழனியம்மா அழுதுகொண்டே திட்டினார். “அட கெரகமே! பொறந்த புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போய் நிக்கறீங்க? முனி புடிச்சது குதிரைக்கில்லீங்க, உங்களுக்கு!”

அதற்குப் பிறகு ஒரு டஜன் வருடத்துக்கும் மேல் நாங்கள் அந்தத் தடத்தில் நடந்தோம். சொல்ல எத்தனையோ உண்டு. ஊசிக்கு அழுகிற குழந்தைகள் அவளுடைய மூக்கைத் தொட அனுமதி கிடைத்தால் கையை நீட்டிவிடுவார்கள். ஒரே ஒரு தொல்லை. என் குரல் எங்கே கேட்டாலும் அங்கே மண் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். நான் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து நோயாளியிடம் சத்தமாகப் பேசினால் வெளியே நிற்கிறவள் புறப்பட்டு வந்துவிடுவாள். பெண் பார்க்கிற வீடு ஒன்றில் ஒறம்பரைச் சனம் எல்லாம் பாயில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு நான் இருமல் மருந்து சொல்லிக்கொண்டிருக்கையில், வாசல் நிறைய ஒரு தலை உள்ளே வந்தது. “பொண்ணு நொம்ப லச்சணந்தானுங்க, மூஞ்சிதான் கொஞ்சம் நீளம்” என்றார் அந்தப் பெரியவர். கல்யாணம் நடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேல் டிவிஷனுக்கு ஜீப் பாதை வெட்டினார்கள். நல்லதுதான். பிரசவ வலியோடு யாரும் கம்பளித் தூளியில் தொங்கி இறங்க வேண்டியதில்லை. சரோஜாவின் இடக் கண்ணிலும் அதற்குள் பூ விழுந்துவிட்டது. முகத்து வெள்ளை கன்னம் வரை பரவியிருந்தது. அந்த வருடம் பழனியம்மா கணக்கு முடித்துக்கொண்டு வாழவந்திக்கு, அண்ணன் ஊட்டுக்கு, போவதாக இருந்தார். மேனேஜரிடம் நேராகப் போய் நின்றார்.

“தொரைங்களே, அவளை எனக்குக் குடுத்துருங்க. எங்கண்ணன் காடு சமதளமுங்க. பள்ளமே கெடையாது.”

மேனேஜர் திரும்பிக்கொண்டார். “யார் கொண்டுபோய் விடறது?” என்று கேட்டது முதுகு.

நான் கொண்டுபோய் விட்டேன். ஒரு காலைப் பொழுதில், பனி விலகுவதற்கு முன்னால் கிளம்பி, வழியெல்லாம் அவளுடைய வலப்பக்கத்தில், “இருக்கேன், இருக்கேன்” என்று. பஸ் போகிற ரோட்டில் ஆட்கள் பைத்தியம் என்று பார்த்தார்கள். பரவாயில்லை. வாழவந்தியில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தை மெழுகி, வைக்கோல் பரப்பி வைத்திருந்தார் பழனியம்மா. சுற்றிலும் தரை உள்ளங்கை போல இருந்தது. தொட்டி எங்கே, முளை எங்கே, சுவர் எங்கே என்று சரோஜாவைச் சுற்றிச் சுற்றி நடத்திக் காட்டினேன். பழனியம்மாவின் குரலுக்கும் அவளுடைய காது திரும்பியது. தண்ணீர் குடித்தாள். தாடையை என் தோளில் வைத்தாள். நான் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் மருந்தகம் திறக்க வேண்டும்.

தோளை மெல்ல உருவிக்கொண்டேன். கையை அவள் கழுத்தோடு வழுக்கி, விலாவோடு வழுக்கி, கடைசியில் எடுத்தேன். அவள் தலையைத் தூக்கி, வெள்ளை விழிகளோடு, காதுகளை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள். ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் பேசியே நடத்தியவன். வாயைத் திறந்தேன்.

பழனியம்மா இரண்டே எட்டில் வந்து என் முன்னால் நின்று, உதட்டில் விரலை வைத்தார். கண் கலங்கியிருந்தது. காதுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்:

“ஒண்ணும் சொல்லாதீங்க, கம்பவுண்டரே. சத்தமில்லாமப் போயிருங்க. நீங்க வாயத் தொறந்தா அவ பொறப்பட்டுருவா.”